எக்ஸ்-ரே, ஸ்கேன் பணியும் மாறிவரும் மருத்துவக் கொள்கையும்

வயலில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் வரப்பில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டார் என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காயம் சிறிதே. ஆயினும் அவர் இரண்டு முறை வாந்தி எடுக்கிறார், பேச்சும் குழறுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் பார்த்துவிட்டு, "தலையைச் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், தாமதிக்கலாகாது" என்கிறார். அக்கணமே அக்குடும்பத்தார் முன் நான்கு கேள்விகள் எழுகின்றன. யந்திரம் எங்கே இருக்கிறது? அதற்கு யார் பணம் கொடுப்பது? எடுத்த படத்தைப் படித்துச் சொல்லும் நிபுணர் கிடைப்பாரா? அவர் கூறும் முடிவைக் கொண்டு உடனே சிகிச்சை செய்யும் இடம் எது?

இந்நான்கு கேள்விகளுக்கும் விடையளிப்பது மருத்துவ அறிவு மட்டுமன்று. யந்திரத்தின் விலை, கடன் வசதி, காப்புறுதித் திட்டம், அரசாங்கத்தின் சட்டம், நிபுணர்கள் எங்கே வாழ விரும்புகின்றனர் என்பது ஆகிய அனைத்தும் சேர்ந்தே விடையை நிர்ணயிக்கின்றன. இவை மாறும்போது கதிரியல் துறையின் பணியும் மாறுகிறது. அம்மாற்றத்தின் பயனையும் சுமையையும் இறுதியில் கிராமத்து நோயாளியே அடைகிறார். ஆகவே ஊராட்சி உறுப்பினர்களும், மாதர் சங்கத்தினரும், சமூகத் தொண்டர்களும் இவ்விஷயத்தை ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம்.

துறை வளர்ந்த விதம்

1895-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி ஜெர்மனியிலுள்ள வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் என்னும் விஞ்ஞானி எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். 1901-ல் பௌதிகத்துக்கு முதன்முதலாக வழங்கப்பெற்ற நோபல் பரிசு இவருக்கே கிடைத்தது. தம் கண்டுபிடிப்புக்கு அவர் தனியுரிமை பெற்றுக்கொள்ளவில்லை. உலகம் முழுவதும் அது விரைவில் பரவியதற்கு இப்பெருந்தன்மையும் ஒரு காரணமாகும். சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் 1934-ல் பர்னார்டு கதிரியல் நிலையம் நிறுவப்பட்டது. எக்ஸ்-ரே என்பது அக்காலத்தில் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளின் சொத்தாக இருந்தது. நோயாளி அங்கே சென்றார், படம் எடுக்கப்பட்டது, அங்கேயே இருந்த டாக்டர் அதைப் படித்தார்.

பின்னர் வந்த யந்திரங்கள் இந்நிலையை மாற்றின. 1958-ல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் இயன் டொனால்டும் அவருடைய துணைவர்களும், செவிக்கு எட்டாத ஒலி அலைகளைக் கொண்டு வயிற்றின் உள்ளுறுப்புகளைக் காணும் முறையைப் பற்றி ஆய்வுரை வெளியிட்டனர். 1971 அக்டோபர் 1-ந் தேதி லண்டனில் ஹவுன்ஸ்பீல்டு அமைத்த சி.டி. யந்திரத்தால் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. அதன் பின் காந்தப் புலத்தைப் பயன்படுத்தும் எம்.ஆர்.ஐ. வந்தது. இவற்றுள் எக்ஸ்-ரேயும் சி.டி.யும் கதிர்வீச்சைப் பயன்படுத்துபவை, அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் அவ்வாறானவை அல்ல. இந்த வேற்றுமையை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

படத்தின் தெளிவு கூடியது போலவே யந்திரத்தின் விலையும் கூடியது. விலை கூடிய யந்திரத்தை வாங்குவோர் அதன் முதலை எவ்வாறு மீட்பது என்ற கேள்வியையும் உடன் வாங்குகின்றனர். இங்கேதான் சந்தையும் கொள்கையும் கதிரியல் துறைக்குள் நுழைகின்றன.

ஒரு கணக்கு

இதனை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். கீழ்வரும் தொகைகள் விளக்கத்துக்காகக் கொண்டவையே. எந்த நிலையத்தின் உண்மைக் கணக்கும் அல்ல.

ஒரு ஸ்கேன் நிலையத்துக்குக் கடன் தவணை, வாடகை, சம்பளம், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மாதந்தோறும் 6 லட்ச ரூபாய் செலவாகிறது எனக் கொள்வோம். படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இச்செலவு உண்டு. ஒரு படத்துக்குக் கட்டணம் 2,000 ரூபாய்; அப்படத்துக்கெனத் தனியே ஆகும் செலவு 500 ரூபாய். எஞ்சுவது 1,500 ரூபாய். அப்படியானால் மாதத்துக்கு 400 படம் எடுத்தால்தான் நஷ்டமின்றி நடக்கும். மாதம் 25 நாள் வேலை எனில் நாளொன்றுக்கு 16 படம். நிபுணர் 6 மணி நேரம் படம் பார்ப்பாரானால் ஒவ்வொரு படத்துக்கும் இருபத்திரண்டரை நிமிஷம் கிடைக்கும்.

இப்பொழுது ஒரு காப்புறுதித் திட்டம் கட்டணத்தை 1,500 ரூபாய் என நிர்ணயிக்கிறது. எஞ்சுவது 1,000 ரூபாயே. மாதத்துக்கு 600 படம், நாளொன்றுக்கு 24 படம் எடுத்தாக வேண்டும். நிபுணருக்குக் கிடைப்பது படத்துக்குப் பதினைந்து நிமிஷம். கட்டணம் குறைந்ததால் ஏழைக்கு நன்மை உண்டு. ஆனால் அந்நன்மையின் ஒரு பகுதி படிக்கும் நேரத்திலிருந்து எடுக்கப்படுகிறது.

இனி, கட்டணம் பழையபடி 2,000 ரூபாயாகவே இருக்கிறது; ஆனால் நோயாளியை அனுப்பி வைப்பவருக்கு நிலையம் 500 ரூபாய் கமிஷன் கொடுக்கிறது எனக் கொள்வோம். அப்பொழுதும் எஞ்சுவது 1,000 ரூபாயே. அப்பொழுதும் நாளொன்றுக்கு 24 படம் வேண்டும். நிபுணரின் நேரம் அதே அளவு குறைகிறது. நோயாளிக்கோ ஒரு காசும் மிச்சமில்லை. மேலும், அனுப்புவோருக்கு ஆதாயம் இருப்பதால் தேவையில்லாத படங்களும் எடுக்கப்படலாம். கமிஷன் என்பது வெறும் ஒழுக்கக்கேடு மட்டுமன்று, சிகிச்சையின் தரத்தையே அரிக்கும் கறையான் என்பது இக்கணக்கினால் விளங்கும். 2002-ம் ஆண்டின் இந்திய மருத்துவ மன்ற நடத்தை விதிகள், நோயாளியை அனுப்புவதற்காகக் கமிஷனோ தள்ளுபடியோ கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கின்றன.

அதே ஊரில் இரண்டாவது நிலையம் ஒன்று தோன்றினால் கட்டணம் இறங்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். காய்கறிச் சந்தையில் அது சரி. ஆனால் ஸ்கேன் எடுக்க வேண்டுமா, எங்கே எடுக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர் பணம் கொடுக்கும் நோயாளி அல்லர். எழுதிக் கொடுக்கும் டாக்டரே. ஆதலின் இரு நிலையங்களும் நோயாளியின் தயவுக்காகப் போட்டியிடாமல், எழுதுபவரின் தயவுக்காகப் போட்டியிடும் அபாயம் உண்டு. இத்துறையில் சந்தையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

அமெரிக்க நாட்டின் அநுபவம்

இவ்வுண்மையைப் பெரிய அளவில் கண்ட நாடு அமெரிக்கா. அங்கே முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதி, 1983-க்கு முன் மருத்துவமனைகள் செய்த செலவை அனுசரித்துப் பணம் கொடுத்து வந்தது. 1983-ல் இயற்றப்பெற்ற சட்டத்தினால், உள்நோயாளிக்கு நோயின் வகைக்கேற்ப ஒரே தொகை என்னும் முறை வந்தது. அதுவரை மருத்துவமனைக்கு வருவாயாக இருந்த ஸ்கேன், உள்நோயாளியைப் பொறுத்தவரையில் அன்று முதல் செலவாக மாறியது. அதே யந்திரம், அதே நோயாளி, பணம் கொடுக்கும் முறை மாறியவுடன் யந்திரத்தின் பொருளாதாரம் தலைகீழாயிற்று. ஆனால் புறநோயாளிகளுக்குப் படத்துக்குப் படம் கட்டணம் தொடர்ந்தது. ஆகவே மருத்துவமனைக்கு வெளியே படப்பிடிப்பு வேகமாக வளர்ந்தது.

தமக்குப் பங்குள்ள நிலையத்துக்கே நோயாளியை டாக்டர் அனுப்புவது பெருகவே, 1989-ல் பரிசோதனைக் கூடங்களுக்கும், 1993-ல் இயற்றிய சட்டத்தால் படப்பிடிப்பு உள்ளிட்ட பிற பணிகளுக்கும் சில விலக்குகளுடன் தடை விதித்தனர். மீண்டும் 2005-ம் ஆண்டின் பற்றாக்குறைக் குறைப்புச் சட்டத்தின்படி, 2007 ஜனவரி முதல் வெளி நிலையங்களின் படப்பிடிப்புக் கட்டணத்துக்கு உச்ச வரம்பு வைத்தனர். அந்த ஆண்டுகளில் படப்பிடிப்பின் வளர்ச்சி வேகம் தணிந்தது. படத்துக்குப் பணம் கொடுத்தால் படம் பெருகும். நோய்க்கு மொத்தத் தொகை கொடுத்தால் படம் குறையும். பெருகுவதும் குறைவதும் தம்மளவில் நன்மையும் அல்ல, தீமையும் அல்ல. தேவையான படம் கிடைத்ததா, தேவையற்றது நின்றதா என்பதே அளவுகோல்.

நம் நாட்டில் யந்திரம் வந்த வழி

நம் நாட்டில் விலை உயர்ந்த யந்திரங்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வந்தன. 1988-ல் மத்திய அரசாங்கம் மருத்துவமனைக் கருவிகளுக்கு ஒரு சுங்க வரி விலக்கு அளித்தது. விலக்குப் பெறுவோர் புறநோயாளிகளில் 40 சதவீதத்தினருக்கேனும் இலவசமாகச் சேவை செய்ய வேண்டும். மாதம் 500 ரூபாய்க்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பத்தினருக்குப் படுக்கைகளில் 10 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். 1994-ல் இவ்விலக்கு நீக்கப்பட்டது. ஏற்கெனவே விலக்குப் பெற்றோரின் கடமை தொடர்ந்து நிற்பதே என உச்ச நீதிமன்றம் பின்னர் வலியுறுத்திற்று. சலுகையைக் கொடுப்பது எளிது. அதற்கு ஈடான கடமை நிறைவேறுகிறதா என்று ஆண்டுதோறும் பார்ப்பது அரிது. கொள்கை வகுப்போர்க்கு இது நல்லதொரு பாடம்.

1991-க்குப் பின் இறக்குமதியும் கடன் வசதியும் எளிதாயின. தனியார் ஸ்கேன் நிலையங்கள் நகரங்களிலும், பின்னர் வட்டத் தலைநகரங்களிலும் தோன்றின. நோயாளிக்குத் தூரம் குறைந்தது. இது உண்மையான நன்மை. ஆனால் கடைத்தெருவும் பேருந்து நிலையமும் உள்ள ஊர்களையே அவை நாடின. மக்கள் நெருக்கம் குறைந்த மலைப் பகுதிகளையும் வறண்ட வட்டங்களையும் நாடவில்லை. மேலே கண்ட கணக்கே இதற்குக் காரணம். நாளொன்றுக்குப் பதினாறு நோயாளிகள் வாராத ஊரில் எந்த முதலாளியும் யந்திரம் வைக்கமாட்டார்.

இவ்விடத்தை நிரப்புவது அரசாங்கத்தின் கடமை. தமிழ்நாட்டில் 1994-ல் மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. மருந்துகளை மொத்தமாக வாங்கி மருத்துவமனைகளுக்கு அளிப்பதற்கென அமைந்த இக்கழகம், அரசு மருத்துவமனைகளில் சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நிலையங்களை நிறுவி நடத்தும் பணியையும் மேற்கொண்டது. வெளிச்சந்தையைவிடக் குறைந்த கட்டணத்தில் இவை நடப்பதால் இரட்டைப் பயன் உண்டு. முதலாவது, ஏழைக்குப் படம் கிடைக்கிறது. இரண்டாவது, அண்டையிலுள்ள தனியார் நிலையமும் தன் விருப்பம்போல் விலை ஏற்ற இயலாது. மத்திய அரசாங்கமும் 2015-ல் தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் இலவசப் பரிசோதனைத் திட்டத்துக்கான வழிமுறைகளை வகுத்தது. அதில் சி.டி. ஸ்கேனும், தொலைவிலிருந்து எக்ஸ்-ரே படித்துச் சொல்லும் முறையும் இடம்பெற்றன.

காப்புறுதி வந்த பின்

தமிழ்நாட்டில் 2009-ல் அரசாங்கத்தின் உயிர் காக்கும் காப்புறுதித் திட்டம் தொடங்கிற்று. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதன் இடத்தைப் பெற்றது. 2018 செப்டம்பர் 23-ந் தேதி தொடங்கிய மத்திய அரசாங்கத்தின் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழி செய்தது; அது தமிழ்நாட்டில் மாநிலத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. சாலை விபத்தில் அடிபட்டோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் மாநிலத் திட்டம் 2021 டிசம்பர் 18-ந் தேதி மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்றது.

இத்திட்டங்களால் காப்பாற்றப்பட்ட குடும்பங்கள் பல. ஆயினும் கதிரியல் துறையைப் பொறுத்தவரை ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இவை முக்கியமாக மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு உரியவை. மத்திய திட்டத்தில், சேர்வதற்கு முந்தைய 3 நாட்களின் செலவும், வெளியேறிய பின் 15 நாட்களின் செலவும் அடங்கும். ஆனால் மருத்துவமனையில் சேராமல், நோய் இன்னதென்று அறிவதற்காக மட்டும் எடுக்கும் ஸ்கேனுக்குப் பெரும்பாலும் நோயாளியே கைப்பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைப்பணமாகக் கொடுக்கும் பங்கு 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22-ல் 39.4 சதவீதமாகக் குறைந்தது என்று தேசிய சுகாதாரக் கணக்கு கூறுகிறது. முன்னேற்றம் பெரிதே. எனினும் நூறு ரூபாயில் ஏறக்குறைய நாற்பது ரூபாய் இன்னும் குடும்பத்தின் சுருக்குப்பையிலிருந்தே போகிறது.

நாம் முதலில் கண்ட விவசாயத் தொழிலாளியின் நிலை என்ன? அவர் விழுந்தது வரப்பில், சாலையில் அன்று. ஆகவே 48 மணி நேரத் திட்டம் அவருக்குப் பொருந்தாது. அரசு மருத்துவமனைக்குச் சென்றால் அங்கேயே ஸ்கேன் எடுக்கலாம். காப்பீட்டு அட்டை இருந்து, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையில் அநுமதிக்கப்பட்டால், ஸ்கேன் செலவு அச்சிகிச்சைக்கு உரிய மொத்தத் தொகையிலேயே அடங்கிவிடும். இவ்விரண்டையும் அறியாமல் வழியிலுள்ள ஸ்கேன் நிலையத்துக்கு ஓடினால் கைப்பணமும் போகும். அறுவைச் சிகிச்சை செய்யும் இடத்தை அடைவதற்குள் நேரமும் போகும். மூளைக்குள் இரத்தம் கசியும்போது நேரமே உயிர்.

காசநோயும் எக்ஸ்-ரேயும்

கொள்கை மாற்றம் ஒரு துறையை எவ்வாறு உயர்த்தியும் தாழ்த்தியும் மீண்டும் உயர்த்தியும் வைக்கும் என்பதற்குக் காசநோய் சிறந்த உதாரணம். 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. நோயாளியை ஆரோக்கிய நிலையத்தில் வைத்துச் சிகிச்சை செய்வதும், வீட்டிலிருந்தபடியே மருந்து கொடுப்பதும் ஏறக்குறைய ஒத்த பயனையே தருகின்றன என்று அந்நிலையம் 1959-ல் வெளியிட்ட முடிவு உலகத்தையே மாற்றியது. 1962-ல் தேசியக் காசநோய்த் திட்டம் வந்தபோது மாவட்டக் காசநோய் நிலையங்களில் எக்ஸ்-ரேக்கு முக்கிய இடம் இருந்தது.

1993-ல் சோதனையாகத் தொடங்கி 1997 முதல் விரிவாக்கப்பட்ட திருத்திய திட்டத்தில் சளிப் பரிசோதனையே முதலிடம் பெற்றது. எக்ஸ்-ரே பின்தள்ளப்பட்டது. சளிப் பரிசோதனை மலிவானது. கிருமியையே நேரில் காட்டுவது. சிறு நிலையங்களிலும் செய்யத்தக்கது. ஆகவே அது தவறான முடிவு என்று கூற இயலாது. ஆனால் இருமலோ காய்ச்சலோ இன்றியே நோயைச் சுமப்போர் அதில் விடுபட்டனர். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், மார்பு எக்ஸ்-ரே எடுக்காதிருந்தால் கண்டறியப்பட்டோரில் 42.6 சதவீதத்தினர் விடுபட்டிருப்பர் என்பது தெரிய வந்தது. எனவே எக்ஸ்-ரே மீண்டும் முன்னுக்கு வந்தது. 2024 டிசம்பர் 7-ந் தேதி 347 மாவட்டங்களில் தொடங்கிய நூறு நாள் இயக்கத்தில், ஒருவர் கையில் எடுத்துச் செல்லத்தக்க எக்ஸ்-ரே யந்திரங்கள் கிராமங்களுக்கே சென்றன.

யந்திரம் கிராமத்துக்கு வந்தது; படிக்கும் நிபுணர் வரவில்லை. அவ்விடத்தைக் கணினி நிரப்புகிறது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரிடம் காசநோயைச் சலித்தறிவதற்கு, மனிதர் படிப்பதற்குப் பதிலாகக் கணினி மென்பொருளைப் பயன்படுத்தலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் பரிந்துரைத்தது. கணினி சந்தேகத்தை மட்டுமே எழுப்புகிறது. நோயை உறுதி செய்வது சளிப் பரிசோதனையே. "கணினி நன்று என்றது" என்று தொடர்ந்து இருமும் ஒருவர் வீட்டில் இருந்துவிடலாகாது. "கணினி சந்தேகம் என்றது" என்று ஒருவரை ஊரார் ஒதுக்கவும் கூடாது.

சட்டத்தின் காவலும் சுமையும்

கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கேன் மூலம் அறிந்து பெண் கருவை அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994-ல் சட்டம் இயற்றப்பட்டு, 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் 1991-ல் 945 ஆக இருந்தது, 2001-ல் 927 ஆகக் குறைந்ததை மக்கட்தொகைக் கணக்கு காட்டிற்று. 2003-ல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. ஒவ்வொரு நிலையமும் பதிவு பெற வேண்டும். கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் உரிய படிவம் நிரப்ப வேண்டும். சிசுவின் பாலினம் கூறப்படமாட்டாது என்ற அறிவிப்பை மக்கள் மொழியில் தொங்கவிட வேண்டும். மீறுவோருக்கு முதல் குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. படிவத்தைச் சரிவர நிரப்பாததும் குற்றமே என 2019-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இச்சட்டம் கதிரியல் நிபுணரின் அன்றாடப் பணியை மாற்றியது. எழுத்து வேலை பெருகியது. எழுத்துப் பிழைக்கும் தண்டனையா என்று டாக்டர்கள் வருந்துகின்றனர். கையடக்க ஸ்கேன் யந்திரத்தைப் பதிவு பெற்ற இடத்துக்கு வெளியே கொண்டு செல்வதற்குக் கட்டுப்பாடு இருப்பதால், தொலைவிலுள்ள கர்ப்பிணிகளுக்கு அது எளிதாகச் சென்று சேர்வதில்லை. இவ்விரண்டும் உண்மையான இடர்களே. ஆயினும் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் இழப்பது பெண் குழந்தைகளின் உயிர். இடரை நீக்க வழி, பதிவு பெற்ற அரசு நிலையங்களைக் கர்ப்பிணிகளுக்கு அருகே அமைப்பதேயன்றிச் சட்டத்தை நெகிழ்த்துவதன்று.

கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கவனிக்க 1983-ல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் நிறுவப்பட்டது. எக்ஸ்-ரே, சி.டி. யந்திரங்கள் இவ்வாரியத்தின் உரிமம் பெற்றே இயங்க வேண்டும். இயற்கையிலிருந்தே ஒருவர் ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் அளவு கதிர்வீச்சைப் பெறுகிறார். ஒரு மார்பு எக்ஸ்-ரே அதில் மிகச் சிறு பகுதியே. ஆனால் வயிற்றுச் சி.டி. ஸ்கேன் ஒன்று பல ஆண்டுகளின் இயற்கை அளவுக்குச் சமம். ஆகவே எக்ஸ்-ரே என்றதும் அஞ்சவும் வேண்டாம், சி.டி. ஸ்கேனை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவப் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. நோயாளிக்கு முறையிட ஓர் இடம் கிடைத்தது. மறுபுறம், "பின்னால் குறை கூறுவார்களே" என்று அஞ்சித் தேவைக்கு மேல் படம் எடுக்கச் சொல்லும் மனப்பான்மைக்கும் அது இடமளித்தது. நல்ல நோக்கமுடைய ஒவ்வொரு விதியும் எதிர்பாராத விளைவு ஒன்றையும் உடன் கொண்டுவரக்கூடும் என்பதை இத்துறை மீண்டும் மீண்டும் காட்டுகிறது.

படிக்கும் கண்கள்

முன்பு படம் பிலிமில் பதிந்தது. இருட்டறையில் கழுவி உலர்த்த வேண்டும். இன்று படம் கணினியில் தோன்றுகிறது. ஒரு நொடியில் நூறு மைல் கடந்து செல்கிறது. இரவில் வட்ட மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனை நகரத்திலிருக்கும் நிபுணர் தம் வீட்டிலிருந்தே படித்து அறிக்கை அனுப்பலாம். நிபுணர் இல்லாத ஊர்களுக்கு இது வரப்பிரசாதம்.

ஆயினும் படத்தை மட்டும் பார்ப்பவருக்கும், நோயாளியையும் பார்ப்பவருக்கும் வேற்றுமை உண்டு. வலி எங்கே, எத்தனை நாளாக, முன்பு அறுவைச் சிகிச்சை நடந்ததா என்பவற்றை எழுதி அனுப்பாவிட்டால் தொலைவிலுள்ளவர் பாதி இருட்டிலேயே படிக்கிறார். அறிக்கைக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கிட்டு மிகக் குறைந்த தொகை கேட்பவருக்கே ஒப்பந்தம் கொடுத்தால், முன்னர் நாம் கண்ட கணக்கின்படி நேரம்தான் குறையும். ஆகவே அரசாங்கம் ஒப்பந்தம் செய்யும்போது விலையோடு, அறிக்கை எத்தனை மணி நேரத்தில் வர வேண்டும், அவற்றுள் சிலவற்றை வேறொரு நிபுணர் மறுபடியும் பார்த்துச் சரிபார்க்கிறாரா, அவசர முடிவைத் தொலைபேசியில் சொல்லும் ஏற்பாடு உண்டா என்பனவற்றையும் நிபந்தனையாக்குதல் அவசியம்.

படம் எடுக்கும் நுண்கதிர் வீச்சாளரையும் மறக்கலாகாது. நோயாளியைச் சரியாக நிறுத்தி, சரியான அளவில் கதிரைச் செலுத்துபவர் அவரே. அவர் இல்லாத அறையில் புதிய யந்திரம் துணி போர்த்தியே கிடக்கும்.

ஊராட்சியும் சங்கங்களும் செய்யத்தக்கவை

1. அருகிலுள்ள எந்த அரசு மருத்துவமனையில் எக்ஸ்-ரே, அல்ட்ராசவுண்ட், சி.டி. ஸ்கேன் உள்ளன, இரவில் எவை இயங்குகின்றன என்று கேட்டறிந்து, ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்டுக. ஆண்டுக்கு இருமுறை சரிபார்க்க வேண்டும்.

2. தகுதியுள்ள குடும்பங்கள் அனைத்தும் காப்பீட்டு அட்டை பெற்றுள்ளனவா என்று பார்க்க வேண்டும். விபத்து நேர்ந்த பின் அட்டை தேடுவது, வீடு தீப்பற்றிய பின் கிணறு வெட்டுவதாகும்.

3. ஊருக்கு யந்திரம் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றும்போது, அதனுடன் போதிய கனமுள்ள சுவர், ஈயத் தகடு பொருத்திய கதவு, தடையற்ற மின்சாரம், பராமரிப்பு ஒப்பந்தம், நுண்கதிர் வீச்சாளர் பதவி, அறிக்கை தரும் நிபுணர் ஏற்பாடு ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

4. ஸ்கேன் எழுதித் தரும் டாக்டரிடம், "இதனால் என் சிகிச்சையில் என்ன தெரிய வரும்?" என்று மரியாதையுடன் கேட்கலாம். நல்ல டாக்டர் இக்கேள்வியை வரவேற்பார். கர்ப்பமாக இருக்கலாம் என்று ஐயமிருந்தால் எக்ஸ்-ரே எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

5. அறிக்கையில் நிபுணரின் பெயரும் பதிவு எண்ணும் கையொப்பமும் இருக்கின்றனவா என்று பார்க்கவும். படங்களையும் அறிக்கைகளையும் தேதி வாரியாக ஒரு பையில் பாதுகாக்கவும். பழைய படம் கையிலிருந்தால் புதிய படம் வேண்டியிராமல் போகலாம்.

6. காசநோய்ப் பரிசோதனை வண்டி வரும் நாளைத் தண்டோரா மூலமோ ஒலிபெருக்கி மூலமோ அறிவித்து, வேலைக்குச் செல்வோரும் வந்து படமெடுத்துக்கொள்ளும் வகையில் காலை நேரத்தை ஏற்பாடு செய்க.

7. சிசுவின் பாலினம் கூறுவதாகக் கேள்விப்பட்டால் மாதர் சங்கம் உடனே மாவட்ட அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

முடிவுரை

சந்தை யந்திரத்தைக் கொண்டுவந்தது. காப்புறுதி அதற்குப் பணம் கொடுக்கும் வழியைத் திறந்தது. சட்டம் அதன் தீய பயனைத் தடுக்க முற்பட்டது. கணினி அதன் படத்தைத் தூரத்துக்கு எடுத்துச் சென்றது. இவற்றுள் ஒன்று மட்டும் போதாது. ஒன்றை விட்டால் மற்றவை முடமாகும். எடுத்த படங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதால் மாத்திரம் ஒரு திட்டம் வெற்றியடைந்ததாகாது. வரப்பில் விழுந்தவர் உரிய நேரத்தில் உரிய இடத்தை அடைந்து, தம் காலால் நடந்து ஊர் திரும்பினாரா என்று பார்த்தே அதன் வெற்றியைக் கணிக்க வேண்டும். அக்கணக்கை எழுதுவதில் ஊராருக்கும் பங்கு உண்டு.

சங்கங்களில் கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் இன்றிரவு ஒருவர் தலையில் அடிபட்டால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம்? அங்கே சேர எவ்வளவு நேரமாகும்?

2. கமிஷன் கொடுப்பதால் நோயாளிக்கு நேரும் நஷ்டம் யாது?

3. ஸ்கேன் கட்டணத்தைக் குறைப்பதனால் விளையும் நன்மையும் தீமையும் யாவை? தீமையைத் தவிர்ப்பது எப்படி?

4. நம் ஊராட்சியின் அடுத்த கிராம சபையில் இதுபற்றி என்ன தீர்மானம் கொண்டுவரலாம்?